நான்காம் கம்பத்து வெண்டர்

2022 அக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை. எழுந்ததும் இருவருக்கும் தயிர்சாதம் கட்டினேன். கணவரைப் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு இறக்கிவிட்டேன். அலுவலகம் வந்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, குளிர்பதன அறைகளின் வெப்பநிலைப் பதிவுகளைப் பார்த்துக் கையெழுத்திட்டேன். பிறகு கிடங்குக்குப் போய், லாரிகள் வந்து நிற்கும் லோடிங் டாக்கில் எலிப்பொறிகளைச் சோதித்தேன். எலி இல்லை. வழக்கப்படி உத்தரங்களுக்குக் கீழே குருவி எச்சம் தேடினேன். எச்சமும் இல்லை.

‘எச்சம் இல்லை’ என்பதை அன்றைய நாட்குறிப்பில் அடிக்கோடிட்டிருக்கிறேன். பல வருடங்களில் அதுதான் முதல் தடவை.

பிளெய்ன்ஸ்பரோவைத் தாண்டி, சோளக் காட்டுக்கும் மழைநீர்க் குளத்துக்கும் நடுவில் இருந்தது எங்கள் கட்டடம். பெரிய மருந்து நிறுவனங்கள் செய்யும் மாத்திரைகளை டப்பாவில் அடைத்து, லேபிள் ஒட்டி, பெட்டி கட்டி அனுப்பும் வேலை. தரக்கட்டுப்பாட்டுத் துறையில் ஆவணங்களைப் பார்த்துக்கொண்டது நான். போன வருடம் எல்லாப் பதிவுகளும் சாப்ட்வேருக்குப் போய்த் துறை பாதியாகச் சுருங்கியபோது, ஐம்பத்தாறு வயதில் நானாகவே கேட்டு ஓய்வு பெற்றுக்கொண்டேன். வழியனுப்பு விருந்தில் சின்னவர்கள் கேட்டார்கள்: “வசந்தி மேம், ஒரு பறவைய வெண்டர் லிஸ்ட்ல போட்டீங்களாமே, நிஜமா?”

நிஜம்தான். எங்களுக்குச் சரக்கோ சேவையோ தரும் வெளியாட்களின் பட்டியலில் ஒரு பறவை இருந்தது. ஆனால் இனிமேல் முடியாது. புதிய சாப்ட்வேரில் வெண்டர் வகை என்ற கட்டத்தில் நிறுவனம், தனிநபர், அரசு என்று மூன்றுதான் இருக்கின்றன. ‘மற்றவை’ இல்லை. ஆகவே எழுதிவைக்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கரூரில் பி.எஸ்ஸி. வேதியியல், ஓசூரில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலை, கல்யாணம், எச்-4 விசாவில் வேலைக்கு அனுமதியில்லாமல் வீட்டோடு இருந்த வருடங்கள், கிரீன் கார்டு, பிறகு இந்த வேலை. கற்றதெல்லாம் மூன்று வாக்கியத்தில் அடங்கும். செய்வதை எழுது. எழுதியதைச் செய். எழுதாதது நடக்கவில்லை. எழுதிவைத்த நடைமுறைக்கு எஸ்.ஓ.பி. என்று பெயர், அதிலிருந்து விலகி எது நடந்தாலும் அதற்கு டீவியேஷன் என்று பெயர். ஒரு டீவியேஷனைத் திறந்தால், காரணம் கண்டுபிடிக்காமல் மூட முடியாது.

என் மேலதிகாரியை எல்லோரும் ஜி.கே. என்பார்கள். மாம்பலத்துக்காரர். அமெரிக்கர்கள் முன்னால் நானும் ஜி.கே. என்பேன், தனியாக இருக்கும்போது சார். எந்த ஆவணத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கித்தான் படிப்பார். முன்னாலிருந்து படித்தால் எழுதினவர் சொல்வதை நம்பத் தொடங்கிவிடுவோமாம். நீலப் பேனாவால் மட்டும் கையெழுத்திடுவார். இட்டதும் இரண்டு முறை ஊதுவார். அது பால்பாயின்ட் பேனா, ஊத வேண்டிய அவசியமே இல்லை. கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது, மரியாதை உயரும். வசந்தி, வசந்தி மேடம் ஆவாள். ‘மேடம் அவர்களே’ என்று யாரையோ அழைத்ததை ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். அன்று மாலை அந்த அம்மாள் தன் பூந்தொட்டியை அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜி.கே. தன் இரண்டாம் மாடி அறையை விட்டுக் கிடங்குக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “நான் பாத்தா அது என் அபிப்பிராயம். நீ பாத்து எழுதினா அது ரெக்கார்ட்” என்றார்.

குருவிகளுக்கு வருகிறேன். அந்த வருடம் ஏப்ரலில் எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளரின் ஆடிட்டர் அம்மாள் வந்திருந்தார். நரைத்த முடி, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, சிரிக்காத முகம். லோடிங் டாக்கில் ரத்த அழுத்த மாத்திரைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று அவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, உத்தரத்திலிருந்து ஒரு சிட்டுக்குருவி அவருடைய தாளின் மேலேயே எச்சமிட்டது. அவர் பதறவில்லை. எச்சத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஃபைண்டிங், அதாவது குறை, என்று குறித்து, தேதி எழுதி, கையெழுத்திட்டார். அடுத்த ஏப்ரலில் திரும்பி வரும்போதும் டாக்கில் பறவை இருந்தால் ஒப்பந்தம் வேறு கிடங்குக்குப் போகும் என்றார். ஒப்பந்தம் போனால் இரண்டாவது ஷிஃப்ட் போகும். அந்த ஷிஃப்டின் சூப்பர்வைசர் டுவேன். அவன் ஆட்கள் பன்னிரண்டு பேர்.

பூச்சிக்கட்டுப்பாட்டு கான்ட்ராக்டர் செய்யாததில்லை. ஒட்டும் பசை தடவினார். குருவிகள் அதன்மேல் வைக்கோலைப் போட்டு நடந்தன. பருந்தின் கூவலை ஒலிக்கும் ஸ்பீக்கர் வைத்தார். அதற்குப் பின்னால் கூடு கட்டின. பிளாஸ்டிக் ஆந்தை ஒன்று மூன்று வருடமாகக் கூரை விளிம்பில் இருந்தது. அதன் தலைமேல் குருவி உட்கார்ந்திருக்கும் படம் என்னிடம் கோப்பில் இருந்தது.

இப்போது, அக்டோபரில், திடீரென்று குருவி இல்லை. மாடிக்குப் போய் ஜி.கே.யிடம் சொன்னேன்.

“டாக்ல குருவி இல்ல சார்.”

“ஏன் இல்ல?”

“தெரியல சார். நல்லதுதானே?”

“காரணம் தெரியாம வந்த நல்லது, காரணம் தெரியாமயே போயிடும். டீவியேஷன் ஓபன் பண்ணு.”

விஷயம் கான்ட்ராக்டர் காதுக்கு எட்டியதும், தன் ஆந்தை வேலை செய்துவிட்டது என்று கடிதம் அனுப்பினார். ஜி.கே. அதைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்தார். “மூணு வருஷமா சும்மா இருந்த ஆந்தை இப்ப எப்படி வேல செய்யுது? யாராவது பேட்டரி மாத்தினாங்களா?”

“பேட்டரியே கிடையாது சார்.”

“அப்ப ஆந்தை இல்ல. வேற பாரு.”

வேறு பார்த்தது டுவேன்தான். ஆறடிக்கு மேல் உயரம், பென்சிலைக் காதுக்குப் பின்னால் செருகியிருப்பான். மூன்றாம் கதவுக்கு எதிரே இருந்த நான்காம் விளக்குக் கம்பத்தைக் காட்டினான். “அங்கே பார், உன் ரவுடி.” அவன் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன், ஆங்கிலத்தில் கொஞ்சம் காரம் அதிகம்.

கம்பத்தின் உச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது ஒரு பறவை. புறாவைவிடச் சிறியது, மைனாவைவிடச் சற்றுப் பெரியது. முதுகு பழுப்பு. மார்பில் மேலிருந்து கீழாகப் பழுப்புக் கோடுகள். வாலில் வெளிர்ப் பட்டைகள். வல்லூறு இனத்தில் சிறியது. இங்கே மெர்லின் என்பார்கள். வடக்கே கனடாவின் காடுகளில் குஞ்சு பொரித்து, இலையுதிர்காலத்தில் தெற்கே கிளம்பும். அவற்றில் சில தென் அமெரிக்கா வரை போகும். எங்களுடையது வழியில் பிளெய்ன்ஸ்பரோவில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு வருடம் என்று சொல்லி இந்த ஊருக்கு வந்த பலரும் அப்படித்தான்.

வல்லூறு என்றால் வானத்திலிருந்து கல் விழுவதுபோல் விழும் என்று நினைத்திருந்தேன். இது அப்படி வேட்டையாடவில்லை. கம்பத்திலிருந்து சரிந்து இறங்கி, பார்க்கிங்கில் நிற்கும் கார்களின் கூரைக்கும் கீழே, இறக்கையை ஓயவிடாமல் அடித்துக்கொண்டு நேராகப் போகும். குருவிகள் பயந்து எழும்பும்போது அது ஏற்கெனவே அவற்றின் நடுவில் இருக்கும். பிடித்ததைக் கம்பத்துக்குத் தூக்கிப்போய், இறகுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுவிட்டு, தலையிலிருந்து தின்னத் தொடங்கும். மிச்சமிருந்த குருவிகள் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த பெட்ரோல் பங்கின் கூரைக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது, டீவியேஷனை மூடிவிடலாம் என்று நினைத்தேன். ஜி.கே. அப்படி நினைக்கவில்லை.

“அந்தப் பறவை நமக்குப் பெஸ்ட் கன்ட்ரோல் பண்ணுது. அப்படித்தானே?”

“ஆமா சார்.”

“நம்ம வளாகத்துல நமக்கு யார் சர்வீஸ் பண்ணினாலும் அப்ரூவ்டு வெண்டர் லிஸ்ட்ல இருக்கணும்னு எஸ்.ஓ.பி. சொல்லுது.”

“சார், அது பறவை.”

“எஸ்.ஓ.பி.ல மனுஷன்னு எங்க எழுதியிருக்கு?”

தேடிப் பார்த்தேன். எங்கும் எழுதியிருக்கவில்லை. ஏழு வருடத்துக்கு முன் அந்த நடைமுறையை எழுதினவள் நான்தான்; ‘சேவை வழங்கும் எவரும் அல்லது எதுவும்’ என்று எச்சரிக்கையாக எழுதிவைத்திருந்தேன். மனதில் வைத்திருந்தது காபி எந்திரத்தை.

அன்று பிற்பகல் வெண்டர் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். அவர் கேட்டார், நான் சொன்னேன்.

“முகவரி?”

“நாலாம் நம்பர் கம்பம்.”

“அது பிராஞ்ச் ஆபீஸ். நிரந்தர முகவரி?”

“கனடா சார். ஊர் தெரியாது. சொந்தமா கூடு கட்டாது. காக்கா விட்டுட்டுப் போன பழைய கூட்டுல குடியிருக்கும்.”

“வாடகையா?”

“இல்ல சார். சும்மாதான்.”

“ஆக்கிரமிப்பு” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “சப்-கான்ட்ராக்ட் குடுக்குமா?”

“தனியாத்தான் வேட்டையாடும்.”

“மத்த வெண்டர்களோட தகராறு?”

“நேத்து கம்பத்துல ஒரு பெரிய பருந்து வந்து உக்காந்தது சார். இதைவிட நாலஞ்சு மடங்கு இருக்கும். கத்திக்கிட்டே தலையில தட்டித் துரத்திருச்சு.”

“தகராறு உண்டு. கட்டணம்?”

“புடிச்சத அதுவே தின்னுக்கும்.”

“பேமென்ட் இன் கைண்ட். பணமா இல்ல, பொருளா.” எழுதினார். கையெழுத்திட்டார். இரண்டு முறை ஊதினார். நான் சிரிப்பை அடக்குவதை அவர் கவனித்துவிட்டார். “சிரிக்கறதுக்கு என்ன இருக்கு, வசந்தி மேடம்? ஆந்தைன்னு எழுதினா பொய். ஒண்ணுமில்லன்னு எழுதினா அதுவும் பொய். பறவைன்னு எழுதினா கேக்க ஒரு மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.”

இப்படித்தான் அந்தப் பறவை எங்கள் வெண்டர் ஆயிற்று. வெண்டர் ஆனதும் தொல்லைகள் ஆரம்பமாயின.

முதலாவது, பறவைக்கென்று எழுதிய புது நடைமுறைப்படி ஒவ்வொரு வேலைநாளும் காலையில் வெண்டர் பணியில் இருப்பதை ஒருவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த ஒருவர் நான். டிசம்பர் குளிரில் பைனாகுலரும் படிவமுமாகப் பார்க்கிங்கில் நின்றேன். கம்பத்தில் இல்லையென்றால் குளக்கரையில் தேடினேன்; குளக்கரையில் இல்லையென்றால் சோளத் தட்டைகளுக்கு மேலே. கையுறையோடு கையெழுத்துப் போட்டுப் பழகினேன். அலுவலகத்தில் என் வேலை என்ன என்று கணவர் கேட்டபோது, “ஒருத்தர் வேலைக்கு வந்துட்டாரான்னு பாக்கறது” என்றேன். “அவர் எப்ப வருவார்?” என்றார். “வெளிச்சம் வந்ததும்” என்றேன். “நல்ல மனுஷன்” என்றார்.

இரண்டாவது, இறகுகள். கம்பத்திலிருந்து பிய்த்துப் போட்டவை காற்றில் மூன்றாம் கதவை நோக்கி வந்தன. குருவி உள்ளே வருவது குற்றமென்றால் குருவியின் இறகு வருவதும் குற்றம்தான். கம்பத்தைச் சுற்றி வலைத்தடுப்பு கட்டி, அடியில் தட்டு வைத்து, ‘வெண்டர் கழிவுப் பகுதி’ என்று பலகை மாட்டினோம்.

மூன்றாவதை இன்றைக்கு நினைத்தாலும் தலை சுற்றுகிறது. வயிறு நிறைந்த நாளில் மெர்லின் மிச்சத்தை ஒளித்துவைக்கும். ஒருநாள் பிற்பகல், கிடங்கின் மழைநீர்க் குழாய் வளைவில் பாதிக் குருவி இருப்பதை டுவேன் காட்டினான். நான் ரிப்போர்ட்டில் எழுதினேன். ஜி.கே. போனில் கூப்பிட்டார்.

“நம்ம வளாகத்துல லேபிள் இல்லாம ஒரு மெட்டீரியல் இருக்கலாமா?”

இருக்கக் கூடாது. எது என்று முடிவாகாத எந்தப் பொருளுக்கும் மஞ்சள் அட்டை கட்டி, ‘நிறுத்திவைக்கப்பட்டது, பயன்படுத்தாதே’ என்று எழுதவேண்டும். டுவேன் என்னை ஆள் தூக்கும் கூண்டு லிஃப்டில் ஏற்றி உயர்த்தினான். பாதிக் குருவிக்குப் பக்கத்தில் மஞ்சள் அட்டையைக் கட்டினேன். கீழே பன்னிரண்டு பேரும் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். ஒருவன் இறுதிச் சடங்குக்கான ஜெபம் சொன்னான்.

மறுநாள் அட்டை இருந்தது, குருவி இல்லை.

“ரிலீஸ் பண்ணாத மெட்டீரியல வெண்டர் யூஸ் பண்ணிடுச்சா!” ஜி.கே. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அதற்கும் ஒரு டீவியேஷன். காரணம்: பசி.

டுவேனின் ஆட்கள் பறவைக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது மாடிக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் நடுவில் ஓர் உருப்படியான வேலை நடந்தது. டாக்கின் உத்தரங்களுக்கு மேலே குருவிகள் நுழையும் இடைவெளிகள் இருந்தன. எச்சமும் கூடுமாக இருந்த காலத்தில் அங்கே கைவைக்க வேண்டுமென்றால் டாக்கையே சில வாரம் மூடவேண்டும். அது முடியாத காரியம். இப்போது மேலே குருவி இல்லை. டுவேனும் அவன் ஆட்களும் ஜனவரியில், லாரி வராத ஞாயிற்றுக்கிழமைகளில், ஏறிச் சுத்தம் செய்து, ஒவ்வோர் இடைவெளியாகத் தகடு வைத்து அடைத்தார்கள். வெளியே கம்பத்தில் அது உட்கார்ந்திருக்கும். உள்ளே ட்ரில் ஓடும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருநாள் கம்பம் காலியாக இருந்தது. குளக்கரையும் காலி. சோளக்காடு உழுது கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. சின்னப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தின்று வாழ்வதும் பின்னாலேயே போய்விட்டது. போகும் என்று எனக்குத் தெரியும். நடைமுறையில் அதை எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு மாதமும் வேலைநாள்தோறும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றுதான் இருந்தது. நடைமுறையை மாற்றுவதென்றால் ஒப்புதல் கிடைக்க ஒரு மாதம் ஆகும். ஆடிட்டர் இரண்டு வாரத்தில் வருகிறார்.

படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். டுவேன் என்னோடு மாடிக்கு வந்தான். ஜி.கே.யின் அறையில் அவன் உட்காரவில்லை.

“ஜி.கே., நான் நேரடியாகப் பேசுகிறேன். அந்த ஆடிட்டர் அம்மாள் பறவையைத் தேடப் போவதில்லை. காகிதத்தைத்தான் பார்ப்பார். ‘இருக்கிறது’ என்று கையெழுத்துப் போடுங்கள். என் ஆட்கள் பன்னிரண்டு பேர்.”

ஜி.கே. படிவத்தை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார். பிறகு ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னார்: “டுவேன், ஊரில் என் அம்மா தினமும் ஒரு ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். அதுவும் இப்படி ஒரு கிடங்கிலிருந்துதான் வருகிறது. அந்தக் கிடங்கில் ஒருவர் இல்லாததை இருப்பதாக எழுதினார் என்று தெரிந்தால், அம்மாவிடம் மாத்திரையைத் துப்பச் சொல்வேன்.”

“அப்போது என் ஆட்கள்?”

ஜி.கே. நீலப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். டுவேன் கதவைச் சாத்தாமல் போனான். ஜி.கே. என் பக்கம் திரும்பினார்.

“எழுது. வெண்டர் ஆப்சென்ட். காரணம்: கனடா போயிருக்குன்னு நம்பறோம். எதிர்பார்க்கும் தேதி: அக்டோபர்.”

“சார், இதப் படிச்சா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். சிரிப்பு ஃபைண்டிங் இல்ல.”

ஆடிட்டர் வந்தார். அதே கண்ணாடி, அதே சங்கிலி. வெண்டர் கோப்பைக் கேட்டார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ‘ஆக்கிரமிப்பு’, ‘தகராறு உண்டு’, ‘காரணம்: பசி’ எல்லாம் அவர் கண்முன்னால் போயின. நான் சிரிப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். ஒரு தசை அசையவில்லை.

“இந்த வெண்டர் இப்போது எங்கே?”

“கனடாவில் என்று நம்புகிறோம்” என்றார் ஜி.கே.

“நம்புகிறீர்களா? தெரியுமா?”

“நம்புகிறோம்.”

“யார் சரிபார்த்தது?”

“யாருமில்லை.”

அந்தக் கணத்தில் ஜி.கே.யின் முகத்தில் ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் சரியான கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான் போலிருக்கிறது.

டாக்கைப் பார்க்கவேண்டும் என்றார். ஜி.கே. வழக்கம்போல் மாடியில் நின்றுகொண்டார், நான் கூட்டிப்போனேன். டுவேன் வாசலில் இருந்தான். ஆடிட்டர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். தகடுகள் வரிசையாக மின்னின.

“குளிர்காலத்தில் பறவைகளைக் கட்டுப்படுத்தியது யார்?” என்று டுவேனைக் கேட்டார்.

அவன் படபடப்பில் இருந்தான். வாயில் பழகிய பெயர் வந்துவிட்டது. “ஜி.கே.தான். எல்லாவற்றையும் தின்றுவிட்டார்.”

ஆடிட்டர் மாடிப்பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நான் அவசரமாக விளக்கினேன். அவர் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, மேலே பார்த்துக் காத்திருந்தார். குருவிக்காக என்று புரிந்ததும் நானும் அண்ணாந்து பார்த்தேன். வல்லூறு போனதும் எதிர்ப்புறத்துக் குருவிகள் திரும்பத் தொடங்கியிருந்தன. கூடு கட்டும் பருவம் வேறு.

கடைசியில் ஒன்று வந்தது. வாயில் வைக்கோல். உத்தரத்துக்கு நேரே பறந்து, பழைய இடத்தில் தகட்டை மோதி, இன்னோர் இடத்தில் மோதி, விளிம்பில் தொற்றி வழுக்கியது. குருவி வைக்கோலோடு வந்த வழியே வெளியேறி, பெட்ரோல் பங்கை நோக்கிப் போனது.

ஆடிட்டர் எழுதினார். ஒரே ஒரு குறை: வெண்டரின் இருப்பிடம் சரிபார்க்கப்படவில்லை. ஒப்பந்தம் தொடரும். காரில் ஏறும்போது என்னிடம், “வெண்டருக்கு வருடாந்தர மதிப்பீடு செய்துவிட்டீர்களா? செய்யுங்கள். நல்ல மதிப்பெண் போடுங்கள்” என்றார். அப்போதும் சிரிக்கவில்லை. டுவேன் உள்ளே போய், ஃபோர்க்லிஃப்டின் ஹாரனை யாராவது நிறுத்தச் சொல்லும்வரை அடித்துக்கொண்டிருந்தான்.

மாலை ஜி.கே. கேட்டார்: “என் பேரையா வெச்சிருக்காங்க?”

“ஆமா சார்.”

“ஏனாம்?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. “உசரத்துல உக்காந்துக்கிட்டு, கீழயே இறங்காம, எதக் குடுத்தாலும் பிச்சுப் பிச்சுப் பாத்துட்டுத்தான் முழுங்குதாம்.”

யோசித்தார். “சரியாத்தான் வெச்சிருக்காங்க” என்றார்.

குறைக்குப் பதில் எழுதவேண்டுமே. இடைவெளிகள் அடைபட்டுவிட்டதால் வெண்டரின் சேவை இனித் தேவையில்லை, பறவை நடைமுறையும் அதன் படிவமும் விலக்கப்படுகின்றன என்று எழுதினோம். ஆனால் வெண்டரை நீக்கினால் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. அதையும் எழுதினவள் நான்தான். முகவரியில் நான்காம் கம்பம் என்றுதான் இருந்தது. ‘தங்கள் சேவைக்கு நன்றி, இன்றுடன் முடிவடைகிறது’ என்ற கடிதத்தை லேமினேட் செய்து கம்பத்தில் கட்டினோம். கோடை முழுவதும் அது அங்கே தொங்கியது. லாரி ஓட்டுநர்கள் நின்று படித்துவிட்டுப் போவார்கள். ஒருவர் என்னிடம், “யாரம்மா பாவம்?” என்று விசாரித்தார்.

அடுத்த அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை பிற்பகல் டுவேன் போன் செய்தான். “நீங்கள் வேலையை விட்டு நீக்கின ஆள் வந்திருக்கிறார். கடிதத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.”

ஜி.கே.யிடம் சொன்னேன். பேனாவை மூடினார். எழுந்தார். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, டை காற்றில் பறக்க, இறங்கி வந்தார். டுவேனின் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், கம்பத்தை அல்ல, அவரை.

கடிதம் கீழே, அது மேலே. போன வருடம் பார்த்த அதே பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தது.

“இதுவா?” என்றார். அத்தனை கையெழுத்துப் போட்ட பிறகு முதல்முறையாகப் பார்க்கிறார். “இவ்வளவு சின்னதா இருக்கே.”

“மெர்லின் அவ்வளவுதான் சார்.”

“போன வருஷம் வந்ததுதானா?”

“நிரூபிக்க முடியாது. போன வருஷம் வந்தது ஆண் குஞ்சா இருந்திருந்தா இந்நேரம் முதுகு நீலச் சாம்பல் ஆகியிருக்கும். இது பழுப்பாவே இருக்கு. அதேதான்னா, பொண்ணு.”

டுவேனுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் தொப்பியைத் தூக்கினான். “மன்னிக்க வேண்டும், ஜி.கே.” என்றான். எந்த ஜி.கே.யிடம் கேட்டான் என்று பதிவு செய்ய முடியவில்லை.

அப்போது அது கம்பத்திலிருந்து சரிந்தது. கார்களுக்கு நடுவே எங்கள் இடுப்பளவு உயரத்தில், காற்றைக் கிழிக்கும் சத்தத்தோடு எங்களைக் கடந்து போய், வேலிச் செடியிலிருந்து எழும்பிய ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே திரும்பியது. சற்று நேரத்தில் இறகுகள் இறங்கத் தொடங்கின. ஒன்று ஜி.கே.யின் தோளில் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை. கோட்டின் உள்பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். விலக்கப்பட்ட அந்தப் பழைய படிவம். ‘கண்ணால் பார்த்தேன்’ என்ற கட்டத்தில், டுவேனின் முதுகில் வைத்துக் கையெழுத்திட்டு, இரண்டு முறை ஊதினார்.

“சார், அந்தப் படிவம் செல்லாது.”

“தெரியும்” என்றார். என்னிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார்.

மறுநாள் காலை வெள்ளைக் கோட்டை மாட்டியதும், குளிர்பதன அறைகளுக்குக்கூடப் போகாமல், முதல் வேலையாக ஜி.கே.மீது ஒரு டீவியேஷன் திறந்தேன்: விலக்கப்பட்ட படிவத்தைப் பயன்படுத்தியது. காரணம் என்ற கட்டத்தில் ‘பறவை வந்துவிட்டது’ என்று எழுதி, கடைசிப் பக்கம் மேலே இருக்கும்படி அவர் மேஜையில் வைத்தேன்.